மயில்துத்த நீலம்

அறுபத்தொரு வயது வரை சண்முகசுந்தரம் விடியலைப் பார்த்ததில்லை. சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. பதினேழு வயதில் சங்கரன்கோவிலிலிருந்து தி. நகருக்கு, மாமாவின் ஜவுளிக் கடைக்கு வேலைக்கு வந்தவர். கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, எழுந்து, குளித்து, நேராகப் படி இறங்கிக் கடைக்குள் நிற்பார். பிறகு ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் சொந்தமாக மேட்சிங் கடை போட்டார். பத்தடிக்கு எட்டடி. தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். பகலிலும் நான்கு டியூப்லைட் எரியும். கடையைச் சாத்திவிட்டு பெசன்ட் நகர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால், எட்டு மணிக்கு வெயில் முகத்தில் அடித்துத்தான் எழுப்பும்.

நிறம் பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சந்தில் ஆள் கிடையாது. புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் ஒருமுறை நீவிப் பார்ப்பார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அடுக்கிலிருந்து துணித் தானை உருவிப் போடுவார். அச்சாகப் பொருந்தும். பச்சையில் மட்டும் அவரிடம் முப்பத்தெட்டு வகை இருந்தது. ராமர் பச்சை, பாட்டில் பச்சை, பாசிப்பச்சை, கிளிப்பச்சை என்று ஒவ்வொன்றையும் பெற்ற பிள்ளைகளைப் போலப் பெயர் சொல்லி அழைப்பார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். இன்று ஒரு புடவை வந்தது, அரக்கிலும் சேரவில்லை, மெரூனிலும் சேரவில்லை என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வார். மனைவி மீனாட்சி ரசத்தை ஊற்றியபடி "ம்" என்பாள். அவள் காதில் விழுகிறதா இல்லையா என்று அவர் யோசித்ததே இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒருநாள், கடையில் ஏணி மேல் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஓய்வெல்லாம் முடிந்து மார்கழி பிறந்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும். கடைக்குள்ள நடக்கிறது கணக்குல சேராது."

அன்று சாயங்காலம் தூக்குத் தண்டனையைப் பற்றிச் சொல்வதுபோல இதை மனைவியிடம் சொன்னார்.

"அதுக்கென்ன, நாளைக்கு எங்கூட வாங்க. அஞ்சேகாலுக்குக் கிளம்பணும்" என்றாள் மீனாட்சி.

"நீ எங்க போற?"

"நடக்கத்தான். ஒன்பது வருஷமாப் போறேம்லா?"

அவள் பால் வாங்கப் போகிறாள், வழியில் யாரோடாவது நின்று பேசுகிறாள் என்றுதான் அத்தனை வருஷமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மார்கழி இரண்டாம் தேதி. மங்கி கேப்பைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். வாசல்களில் கோலம் போடப் பெண்கள் குனிந்திருந்தார்கள். கோயிலில் ஒலிபெருக்கி கரகரத்தது. வேளாங்கண்ணி மாதா கோயிலைத் தாண்டி, கடற்கரையைத் தாண்டி, ஊரூர் குப்பத்துக்குள் அவள் நுழைந்ததும் வலை சரி செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி தலையை நிமிர்த்தினாள்.

"இன்னா மீனாக்கா, யாரு இது? வூட்டுக்காரரா? இத்தினி நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

மீனாட்சி சிரித்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து அவர் பார்த்து வெகுநாளாகிவிட்டது. இரண்டு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் புடவையை மோந்துவிட்டு, அவரைச் சந்தேகமாகப் பார்த்தன. தன் மனைவிக்கு இந்தப் பக்கத்தில் தனக்குத் தெரியாத ஒரு ஊரே இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

குப்பம் முடிந்து மணல் ஆரம்பித்தது. மணல் முடிகிற இடத்தில் அடையாறு கடலில் கலக்கிறது. வெள்ளத்தில் இடிந்துபோன பழைய பாலம் ஆற்றுக்குள் பாதி தூரம் போய் அறுந்து நின்றது. மழைக்காலம் முடிந்து ஆறு நிறைந்திருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பனி. அக்கரைக் கட்டடங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் அந்தரத்தில் நின்றன. கடல் பக்கம் சிவக்க ஆரம்பித்ததும் பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. விலக விலக, சேற்றுத் திட்டு முழுக்கப் பறவைகள். ஓடுகிறவை, நிற்கிறவை, ஒற்றைக் காலில் தூங்குகிறவை, மூக்கைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுகிறவை.

சண்முகசுந்தரத்துக்கு ஏனோ கோபம் வந்தது. வீட்டிலிருந்து அரை மணி நேர நடை. இருபத்தெட்டு வருஷம் இதே பெசன்ட் நகரில் குடியிருந்தும் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம்.

"அங்கன பாருங்க" என்று மீனாட்சி கையைக் காட்டினாள். கரையோரத்தில் ஒரு மடையான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "உக்காந்திருக்கும்போது வெந்தயக் கலர். இப்ப பறக்கும் பாருங்க."

அவள் கையைத் தட்டினாள். மடையான் எழும்பியது. சட்டென்று உடம்பு முழுக்க வெள்ளை.

"லைனிங் மட்டும் ஹாஃப் ஒயிட்" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன ஒரு சொல்லும் வீண் போகவில்லை. எல்லாவற்றையும் அவள் இங்கே கொண்டுவந்து பறவைகளுக்குச் சூட்டியிருக்கிறாள். செம்பருந்துக்கு அரக்கு. கூழைக்கடாவுக்குப் புகைக் கலர். சங்குவளை நாரையின் வாலோரத்துக்கு வெங்காயத் தோல். அன்று கடைக்குப் போன பிறகும் அவருக்கு அதே நினைப்புதான். ஒரு புடவைக்கு எதை எடுப்பது என்று தடுமாறி, ஜானுவிடம், "அந்த மடையான் கலரை எடும்மா" என்று சொல்லிவிட்டார். கடையில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் ஜானு, "இன்னாது?" என்று விழித்தாள்.

மூன்றாம் நாள் உமர் ஃபாரூக் அறிமுகமானார். ராயப்பேட்டையில் சைக்கிள் பாகக் கடை வைத்திருந்தவர். கடையை மகன் ஷோயப்பிடம் ஒப்படைத்துவிட்டு, காலைத் தொழுகை முடிந்ததும் டிவிஎஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவார். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். அதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருந்ததால் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும். பறவைகளின் சரியான பெயர் அவருக்குத்தான் தெரியும். ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்று முதல் நாளே உரிமையாகக் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா சொல்லிக்கினே இருப்பாங்க, எங்க வூட்டுக்காரரு பாத்தா இதுக்கெல்லாம் கரெக்டா கலர் சொல்வாருன்னு. இப்ப சொல்லுங்க. அந்த நெட்டக்கால் உள்ளான் கீதே, அதும் காலு இன்னா கலரு?"

கறுப்புச் சிறகும் வெள்ளை உடம்புமாக, குச்சி குச்சியாக நீண்ட கால்களோடு ஏழெட்டு உள்ளான்கள் தண்ணீரில் நின்றன. மீனாட்சி கனகாம்பரம் என்றாள். உமர் ஃபாரூக் ராணி கலர் என்றார். சண்முகசுந்தரம் பைனாகுலரை வாங்கி, நல்ல பக்கத்தைக் கண்ணில் வைத்து, ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"ரெண்டும் இல்ல. பேபி பிங்க் தான்ல ஒரு சொட்டு அரக்கு விழுந்தா வரும். மில்லுல எப்பவாவது தப்பா சாயம் ஏறி வரும். எங்கிட்ட ஒரே ஒரு தான் இருந்துச்சு, தொண்ணூத்தாறுல. வித்துட்டேன்."

"அரே!" என்று உமர் ஃபாரூக் மணலில் உட்கார்ந்துவிட்டார். "இதையும் நோட்டுல எழுதிக்கிறேன்."

அப்படி ஆரம்பித்தது. நடக்கிற நேரம் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி ஆனது. குளிர்காலம் முடிந்து வெளியூர்ப் பறவைகள் போனபிறகு நடை வெறும் நடையாகிவிடும். மருந்து குடிப்பதுபோல நடந்து தீர்ப்பார்கள். புரட்டாசி பிறந்ததும் மூவரும் ஆற்றைப் பார்த்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் உள்ளான் கூட்டம் வந்திறங்கிய அன்று உமர் ஃபாரூக் வீட்டிலிருந்து சேமியா வரும். மீனாட்சி பொங்கலன்று தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவாள். உடைந்த பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தின் போகி அன்று நடந்ததைச் சண்முகசுந்தரம் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டார். நகரம் முழுக்கப் பழசைக் கொளுத்திய புகையும் பனியும் ஒன்றாகச் சேர்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பறவைகளின் சத்தம் மட்டும் கேட்டது. மூவரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இந்த ஆற்றங்கரையில் முன்பு நரி உண்டு, சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன் என்று உமர் ஃபாரூக் அடிக்கடி சொல்வார். யாரும் நம்பியதில்லை. அன்றும் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தார். பேச வேண்டாம் என்பதுபோல மீனாட்சி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

புகைக்குள்ளிருந்து அது வந்தது. நாயைவிடச் சின்னது. கால்கள் மெல்லிசு. தியசாபிகல் சொசைட்டித் தோப்புப் பக்கமிருந்து இறங்கி, சேற்றோரமாக, யாரையும் சட்டை செய்யாமல் நடந்து, ஒரு செத்த மீனை மோந்து பார்த்து, அதைக் கவ்விக்கொண்டு நின்றது. மூவரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு வந்த வழியே புகைக்குள் போய்விட்டது.

மூவரும் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் உமர் ஃபாரூக் மெதுவாக, "நான் சொல்லல?" என்றார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சைக்கிளின் முன்கம்பியில் அவரை உட்காரவைத்து இங்கே கூட்டிவந்தவர் அவரைப் பெற்ற அத்தா. அந்த அத்தாவும் இப்படி ஒரு நரியைப் பார்த்துத்தான் கையைக் காட்டினார் என்று அன்றுதான் சொன்னார்.

கொரோனா வந்து கடற்கரையை மூடினார்கள். மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடந்தார்கள். திறந்த அன்று மூவரும் ஆற்றங்கரையில் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்று, எல்லா ஜீவனும் பிழைத்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில்தான் சண்டை வந்தது.

பாலத்தின் உடைந்த தூண் ஒன்றில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி வழக்கமாக உட்காரும். அது குளிர்காலத்துக்கு வருகிற பறவை இல்லை, வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டும்போது எப்போதும் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அன்று சண்முகசுந்தரம், "முதுகு நல்ல ராமர் பச்சை" என்றார்.

"ராமர் பச்சையா? மயில்துத்தம்ங்க. சுத்தமான மயில்துத்த நீலம்" என்றாள் மீனாட்சி.

"நீலமா? எனக்கா சொல்லித் தர?"

"நீங்கதான் எனக்குச் சொல்லித் தந்தீங்க. அதான் சொல்றேன்."

அவர் உமர் ஃபாரூக்கைப் பார்த்தார். உமர் ஃபாரூக் காதைச் சொறிந்துகொண்டார். "அண்ணாச்சி, கோச்சிக்காதீங்க. நீலந்தான் தெரியுது."

சண்முகசுந்தரம் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். நாற்பத்தேழு வருஷம் துணியில் கை வைத்தவனுக்கு ஒரு பறவையின் முதுகு தெரியாதா? இரண்டு நாள் அவர் நடக்கப் போகவில்லை. தலைவலி என்றார்.

மூன்றாம் நாள் கடைக்குச் சந்திரிகா வந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். இருபது வருஷமாக வேறு கடை ஏறாதவள். பையிலிருந்து ஒரு பட்டுப் புடவையையும் தைத்து முடித்த ரவிக்கையையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. டியூப்லைட்ல அப்படித் தெரிஞ்சிருக்கும். புடவை ஆனந்தா நீலம். ரவிக்கை பச்சையா இருக்கு."

அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு சந்திலிருந்து தெருவுக்கு வந்தார். நல்ல வெயில். புடவை ஓரத்தின் மேல் ரவிக்கையை வைத்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. திருப்பி வைத்தார். அப்போதும் ஒன்றாகத்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தார். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜானு வேறு துணி வெட்டிக் கொடுத்துச் சந்திரிகாவை அனுப்பிவிட்டு வந்து நின்றாள். முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், திட்டாத. அவங்க வந்த அன்னிக்கி நான் லீவு. அதான் இப்படி ஆயிப்போச்சி."

"நீ லீவுன்னா என்ன?"

"ஒரு வருசமா நீ நீலம், பச்சை எது எடுத்துப் போட்டாலும் நான்தான் பாத்து மாத்தி வெட்டிக்கினு கீறேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படத்தான் நினைத்தார், வரவில்லை. ஒரு வருஷமாக இந்தப் பெண் தன் மானத்தைக் கத்திரிக்கோலால் வெட்டி வெட்டிக் காப்பாற்றியிருக்கிறாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அய்ய, இன்னா அண்ணாச்சி!" என்று ஜானு அழுதுவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் அவரே முதலில் எழுந்து செருப்பை மாட்டினார். குப்பத்தைத் தாண்டி மணல்வரை நடந்தார்கள். பிறகு நின்றார்.

"மீனா, எனக்குக் கண்ணு போச்சு."

"போகல. புரை விழுந்திருக்கு. ஜானு போன வருஷமே எனக்குப் போன் போட்டுச் சொன்னா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கடையில வச்சுச் சொன்னா உங்களுக்கு அவமானமாப் போயிரும். வீட்டுல சொன்னா நம்ம பய ஹரிக்குத் தெரிஞ்சுரும், அவன் கடையை மூடுன்னு நிப்பான். இங்கனன்னா பறவைதான? தப்பாச் சொன்னா யாருக்கு என்ன நட்டம்? அதான் தினம் தினம் உங்ககூட மல்லுக்கட்டுனேன். நீங்களாத் தெரிஞ்சுக்கிடுவீங்கன்னு பாத்தேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு பறவைக்கும் அவள் வலிய வந்து வாதாடியது நினைவுக்கு வந்தது. பிடிவாதக்காரி என்று மனசுக்குள் அவளைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது.

பாலத்தருகே நின்ற உமர் ஃபாரூக் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இவ்ளோதானா? நான் ரெண்டு கண்ணும் பண்ணிக்கினேன் அண்ணாச்சி. பத்து நிமிசம். பிரியாணிக்கு வெங்காயம் அரிய அதைவிட நேரம் ஆவும்."

அவர் சொன்னதுபோல அது அத்தனை சுலபமாக முடியவில்லை. சண்முகசுந்தரம் பயந்தார். கண்தானே தனக்குத் தொழில், கத்தி வைத்து அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று தை மாதம் முழுக்கத் தள்ளிப்போட்டார். மாசியில்தான் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. இடது கண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து என்றார்கள். ஒரு மாதத்துக்குத் தூசி கூடாது, கடற்காற்று கூடாது, குனியக் கூடாது.

கட்டைப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் சுவரைப் பார்த்தார். டீ வடிகட்டுகிற துணியைப்போலப் பழுப்பாக இருந்தது. இடது கண்ணை மூடினார். சுவர் பளீரென்று வெள்ளை. மீனாட்சி திரும்பினாள். அவள் கட்டியிருந்த புடவையைப் பச்சை என்று நினைத்து, எனக்குப் பிடித்த பச்சை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அது நல்ல நீலம். அவள் ஒருநாளும் திருத்தவில்லை. அவள் தலைமுடியும் அவர் நினைத்திருந்ததைவிட மிகவும் நரைத்திருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது?

"என்ன அப்படிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்கு வயசாயிருச்சு."

"உங்களுக்கு மட்டும் குறையுதாக்கும்" என்று அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பங்குனி கடைசியில்தான் ஆற்றங்கரைக்குப் போக அனுமதி கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். சேற்றுத் திட்டு காலியாக இருந்தது. நெட்டைக்கால் உள்ளான்கள் நாலைந்துதான் நின்றன. ஓட்டமாய் ஓடுகிற அந்தச் சின்ன உள்ளான்கள் எல்லாம் வடக்கே போய்விட்டிருந்தன. பனி இல்லை. ஏழு மணிக்கே வெயில் சுட்டது.

மீன்கொத்தி மட்டும் தன் தூணில் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வலது கண்ணை மூடினார். இடது கண்ணுக்கு முதுகு ராமர் பச்சை, லேசாக அழுக்கேறிய ராமர் பச்சை. அடுத்து இடது கண்ணை மூடினார். அதே முதுகு பற்றிக்கொண்டு எரிவதுபோல நீலம். அத்தனை துணிகளைக் கையாண்டும் அப்படி ஒரு நீலத்தை அவர் பார்த்ததில்லை. மயில்துத்தம் என்பதுகூடச் சும்மா பக்கத்தில் போகிற ஒரு சொல்தான். மாறி மாறிக் கண்ணை மூடி மூடிப் பார்த்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா" என்று மீனாட்சி தன் முந்தானை நுனியால் கன்னத்தை மட்டும் ஒற்றிவிட்டாள்.

உமர் ஃபாரூக் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணாச்சி, இன்னா கலர்னு எழுதட்டும்?" என்றார்.

"அவ சொன்னதையே எழுதிக்கோங்க பாய்."

அடுத்த குளிர்காலம் அவர்களுக்குக் கிடைத்த மிக நல்ல குளிர்காலம். இரண்டு கண்ணும் புதிதாக இருந்தன. பறவை வருவதற்கு முன்பே அவர் போய் நிற்பார். மழையில் நனைந்த கொக்கின் வெள்ளைக்கும் காய்ந்த கொக்கின் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்வார். கடற்காக்கைகள் அலைமேல் கூட்டமாக மிதந்தால், ஒவ்வொன்றின் சிறகிலும் யானைக் கலர் எங்கே முடிந்து வெள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கச் சொல்லி உமர் ஃபாரூக்கின் பொறுமையைச் சோதிப்பார். அதுதான் கடைசிக் குளிர்காலம் என்று அப்போது தெரியாது.

ஹவுசிங் போர்டு கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துக் கட்டப்போகிறோம் என்று நோட்டீஸ் வந்தது. மகன் ஹரி நங்கநல்லூரில் வீடு வாங்கியிருந்தான். "எங்கூட வந்துருங்கப்பா, எத்தனை நாளைக்குத்தான் கடைன்னு அலைவீங்க" என்றான். சண்முகசுந்தரம் கடையை ஜானுவின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார். அவள் கண்ணை அவர் நம்பினார்.

நங்கநல்லூரில் இரண்டு வருஷமாக ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றி நடக்கிறார். அங்கே பறவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேப்பமரத்தில் மைனா உண்டு. காலி மனையில் ஒரு செம்போத்து மெதுவாக நடந்து போகும். ஆனால் மார்கழி பிறந்து காலையில் லேசாகக் குளிர் விழுந்தால், அவர் கால்கள் தானாகவே கடல் பக்கத்தைத் தேடுகின்றன. தெரு முனைக்கு வந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நின்றுவிடுகிறார். மீனாட்சிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பால்கனியில் உட்கார்ந்து, எதிர் வீட்டு மாடியில் காயும் துணிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படிச் சொல்லும்போது இருவரும் எதை நினைத்துக்கொள்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை.

இந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை உமர் ஃபாரூக் போன் செய்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா நான் தனியா நின்னுக்கினு தனியா பேசிக்கினு கீறேன். குப்பத்து ஜனம் எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சுன்னு நினைக்குது. நாளைக்கி வர்றீங்க. அக்காவையும் கூட்டிக்கினு."

"அவளால மணல்ல நடக்க முடியாது பாய்."

"நடக்க வேணாம், உக்காரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு ஹரி காரில் கொண்டுவந்து விட்டான். குப்பத்து முனையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் மேல் சாக்கை விரித்து மீனாட்சியை உட்காரவைத்தார்கள். வலைக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மீனாக்கா, எளச்சிட்டியே" என்று ஒருத்தி கன்னத்தைத் தடவினாள். பழைய நாய்களில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அது வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

சண்முகசுந்தரமும் உமர் ஃபாரூக்கும் பாலத்துக்கு நடந்தார்கள். பேச இரண்டு வருஷத்துச் சங்கதி இருந்தது. ஷோயப்புக்குப் பிறந்த குழந்தை, ஜானு கடையில் புதிதாகப் போட்ட விளக்குகள், உமர் ஃபாரூக்கின் சர்க்கரை என்று மாறி மாறிப் பேசிக்கொண்டே போனார்கள். சேற்றுத் திட்டில் உள்ளான்கள் கொஞ்சம்தான் இருந்தன. இந்த வருஷம் குறைவு என்று உமர் ஃபாரூக் வருத்தப்பட்டார். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

படகின் மேல் மீனாட்சி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வலிக்கிற காலோடு, ஒரு கையால் வலைக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் இவர்களைக் கண்டதும்.

"எதை?"

"பூநாரைங்க! நாப்பது இருக்கும். உங்க ரெண்டு பேரு தலைக்கு நேரா மேலதான் போச்சு. நான் இங்கருந்து கையை ஆட்டுறேன், கூப்பிடுறேன், நீங்க ரெண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராமப் பேசிக்கிட்டே போறீங்க!"

உமர் ஃபாரூக் தலையில் கை வைத்துக்கொண்டார். பதினைந்து வருஷமாக இந்த முகத்துவாரத்தில் ஒரு பூநாரைக்காகக் காத்திருந்தவர் அவர். "யா அல்லாஹ்! மேல பாக்காம போய்ட்டோமே அண்ணாச்சி!"

"எந்தப் பக்கம் போச்சு?" என்று சண்முகசுந்தரம் தெற்கே பார்த்தார். கடலுக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"பள்ளிக்கரணைப் பக்கமாப் போயிருக்கும். உக்காருங்க, சொல்றேன்" என்றாள் மீனாட்சி. இருவரும் படகின் மேல் அவளுக்கு இரு பக்கமும் ஏறி உட்கார்ந்தார்கள். வலைக்காரி எங்கிருந்தோ மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். உமர் ஃபாரூக் நோட்டைத் திறந்தார்.

"தூரத்துல வர்ற வரைக்கும் ஒண்ணும் இல்ல, சும்மா வெள்ளை. கிட்ட வந்ததும் சிறகு அடியில..." என்று அவள் ஆரம்பித்தாள். சண்முகசுந்தரம் குறுக்கே பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பங்குனி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். பூநாரைகள் மறுபடி வரவில்லை.